கொண்டா அத்தை

என் அத்தைக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் அதை எழுதியிருந்தார்கள். மற்றபடி அந்தப் பெயருக்கு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டுப் பிள்ளைகளான எங்களுக்கு அவள் கொண்டா அத்தைதான்.

அவள் முன்னால் ஒருவர் தொடங்கிய வேலையை அவரே முடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. வாழைப்பழத்தின் காம்பில் கை வைத்தால் போதும், "கொண்டா" என்று அவள் கை நீண்டுவிடும். பழம் அங்கே போய், தோலும் நாரும் உரிந்து, இரண்டாக ஒடிந்து திரும்பி வரும். ஊசிக்கு நூல் கோக்க வேண்டுமா, கொண்டா. பேனாவுக்கு மை ஊற்ற வேண்டுமா, கொண்டா. ஒருமுறை வள்ளியூர் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் மடியிலிருந்து குழந்தையை வாங்கி, ரிப்பனை அவிழ்த்து, தலையை இரட்டைச் சடையாகப் பின்னித் திரும்பக் கொடுத்துவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தாள். அந்தத் தாய் குழந்தையின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேலை என்று மட்டுமில்லை, பேச்சையும் பிடுங்கி முடிப்பாள். "அத்தை, நாளைக்கு..." என்று நான் ஆரம்பித்தால், "இட்லிக்கு அரைச்சாச்சு, நீ போய்ப் படு" என்பாள். நான் கேட்க வந்தது பஸ் நேரமாக இருக்கும்.

அப்பாவின் அக்கா அவள். அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டதால், பாவாடை கட்டிய வயதிலேயே அப்பாவை இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தாள். அந்த இடுப்பிலிருந்து அவரை அவள் இன்னும் இறக்கிவிடவில்லை என்று என் அம்மா சொல்வதுண்டு. அதில் பாதி கேலி, பாதி எரிச்சல். என் அம்மாவும் காலமானபிறகு அப்படி எரிச்சல்பட வீட்டில் ஆளில்லாமல் போயிற்று. அத்தை வள்ளியூரில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லை. மாமா காலமான பின் அந்த வீட்டில் தனியாக இருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஆனி மாதக் காலையில் சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து ரேசர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அத்தை ஒரு ஒயர் கூடையோடு டவுணில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றி வைத்திருந்தாள்.

அப்பாவுக்குக் கால் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. கைத்தடி வைத்து நடந்தார். பேச்சுதான் குழறியது. சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே அத்தை ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பாள். அவர் கேட்க நினைத்தது மூக்குக்கண்ணாடி. "க... க..." என்பார். "காப்பிதானே? இந்தா கொண்டாரேன்" என்று எழுந்துவிடுவாள். அப்பா கண்ணாடி இல்லாமல் காப்பியைக் குடிப்பார். அந்த மாதத்தில் அவர் குடித்த காப்பிக்குக் கணக்கே இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பழைய பங்களாவில், பக்கவாதம் வந்தவர்களுக்கு அப்போது பகல்நேரச் சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். அங்கே படுக்கை கிடையாது. காலையில் போய், மதியம் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். ஞாயிறு தவிர தினமும் வரவேண்டும், மூன்று மாதம் விடாமல் வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. எனக்கு டெலிபோன் எக்சேஞ்சில் சாயங்கால ஷிப்ட். அதனால் தினம் காலையில் அப்பாவையும் அத்தையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப்பாலம் தாண்டிப் போவேன். ஆட்டோவில் ஏறுவதற்கு அப்பா கம்பியைப் பிடிக்கும் முன்னால் அத்தை அவரைக் கக்கத்தில் கைகொடுத்து உள்ளே தள்ளிவிட்டிருப்பாள்.

அங்கே பயிற்சி கொடுத்தது நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி. என்னைவிட இரண்டொரு வயதுதான் கூட. தெரபி டீச்சர் என்போம். முதல் நாளே அப்பாவின் வலது கையைத் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னாள்.

"கை மூடுது. அது நல்லதுதான். ஆனா மூடுறது தானா வந்துரும். திறக்கிறதுதான் கஷ்டம். ஒரு பொருளைப் பிடிச்சார்னா விட முடியாது. விரலைத் திறக்க அவரே பழகணும். இந்த மூணு மாசம் ரொம்ப முக்கியம். கை இப்பதான் சொன்னா கேக்கும். நீங்க செஞ்சு குடுத்துட்டீங்கன்னா அது கேக்காமலே இருந்துரும்."

கடைசி வாக்கியத்தை அவள் அத்தையைப் பார்த்துத்தான் சொன்னாள். அதற்குள் அத்தை அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பயிற்சிகளில் ஒன்று, துளை போட்ட பலகை. பக்கத்தில் ஒரு டப்பாவில் விரல் நீளத்துக்கு நிறம் நிறமாகக் கட்டைகள் கிடக்கும். ஒன்றை எடுத்துத் துளையில் செருகி, விரலைத் திறந்து விடவேண்டும். பார்க்க விளையாட்டாகத் தெரியும். அப்பா சட்டை நனைய வேர்த்துப்போவார். ஒரு நாள் தெரபி டீச்சர் யாரையோ நடக்கவைக்க வராந்தாவுக்குப் போய்விட்டு வந்தபோது அப்பாவின் பலகை நிறைந்திருந்தது. அவளுக்கு முதலில் சந்தோஷம். பிறகு பக்கத்துப் பலகையைப் பார்த்தாள். அதுவும் நிறைந்திருந்தது. அது புன்னக்காயலிலிருந்து வரும், மீன்பிடிப் படகு வைத்திருக்கும் போட்டுக்காரருடையது. இடது கை விழுந்தவர். அதற்கடுத்த பலகை, அதற்கடுத்தது என்று அந்த வரிசையே முடிந்திருந்தது. எல்லாப் பலகையிலும் நடுவில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள், ஓரம் பச்சை என்று கோலம்போல நிறம் பார்த்துச் செருகியிருந்தது.

"யாரு செஞ்சது?" என்று கேட்டாள் டீச்சர்.

பக்கவாதம் வந்த பெரியவர்கள் எல்லோரும் வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்கள்போல மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டுக்காரர்தான் வாய் திறந்தார். "அந்த அக்கா வந்து கொண்டா கொண்டான்னு வாங்கிட்டாவ டீச்சர். வேண்டாம்னு சொல்லி முடிக்கதுக்குள்ள முடிச்சிட்டாவ."

அத்தையை வராந்தாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், உள்ளே வரக்கூடாது. இரண்டே நாளில் அங்கே துணைக்கு வந்திருந்த பெண்களின் வேலையெல்லாம் அத்தையின் மடிக்கு வந்துசேர்ந்தது. அவர்கள் கொண்டுவந்த கீரையை ஆய்ந்தாள், கிழிந்த பாவாடையைத் தைத்தாள். போட்டுக்காரரின் மனைவிக்கு மீன் நாற்றம் போகப் பையைக் கழுவிக் கொடுத்தாள். கை இங்கே ஓடும், கண் ஜன்னலில் இருக்கும். உள்ளே அப்பாவின் கையிலிருந்து கட்டை விழுந்தால் வெளியே இவள் ஊசியை விரலில் குத்திக்கொள்வாள்.

மாதம் ஒன்று போயிற்று. நடை தேறியது, பேச்சு தேறியது, கை திறக்கவில்லை. தெரபி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வீட்டுல யாரு ஊட்டுறாங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். வலது கையால் முடியவில்லை. இடது கையால் சோறு தின்ன அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கரண்டியை இடது கையில் கொடுத்துப் பார்த்தோம், வீசி எறிந்தார். மனுஷன் கழுவுகிற கையால் திங்கிறதா என்று அன்றைக்கு அவர் சொன்னது மட்டும் குழறாமல் வந்தது. வீட்டில் இருக்கிற வேளையெல்லாம் அத்தைதான் வாயில் ஊட்டுகிறாள்.

"அதான் பாத்தேன்" என்றாள் டீச்சர். "பசிக்கிற கைதான் திறக்கும். அவர் கைக்குப் பசியே வரல."

மறுநாள் காலையில் அடுப்படியில் அத்தையிடம் நேராகவே கேட்டேன். எனக்குக் கோபம். "அப்பாவுக்குச் சரியாவணும்னு இருக்கா, வேண்டாம்னு இருக்கா அத்தை, உங்களுக்கு?"

"இதென்னட்டி கேள்வி" என்றாள். புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் நறுக்க எடுத்ததுதான், கைமாறியிருந்தது. கொஞ்ச நேரம் அரிந்துகொண்டே இருந்துவிட்டு அருவாமணையைச் சாய்த்து வைத்தாள்.

"அவன் கையால தின்னுட்டாம்னா நான் வள்ளியூருக்குப் போவணும். அங்க யாரு இருக்கா? நானும் பல்லியுமா இருக்கோம். காலையில ஒரு ஆழாக்கு அரிசி போட்டா ராத்திரி வரைக்கும் கிடக்கு. இங்கன அவன் எந்திரிச்சதுலேர்ந்து படுக்குதது வரைக்கும் எனக்குச் சோலி இருக்கு. ஒரு நிமிசம் சந்தோசமா இருக்குட்டி. அடுத்த நிமிசம், சீ, கூடப்பொறந்தவனுக்கு இப்படி வந்ததுல சந்தோசப்படுதியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு இருக்கு. நான் என்ன செய்ய? கை நீண்டுருது."

எனக்குக் கோபம் போய்விட்டது. இந்த அளவுக்கு உண்மை பேச என் சிநேகிதிகளில்கூட ஒருத்தி கிடையாது. அன்றிலிருந்துதான் அத்தையை எனக்கு மெய்யாகவே பிடித்துப்போனது. அதுவரை பிடித்ததெல்லாம் அவள் உரித்துத் தந்த பழத்துக்காக.

இங்கே கை உருண்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். சின்ன வயதில் லீவுக்கு வள்ளியூர் போனால், முந்தின நாள் குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரு சட்டியில் கொட்டிச் சுண்டவைத்து, அந்தச் சுண்டக்கறியில் சோற்றைப் போட்டுப் பிசைவாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கை ஏந்துவோம். உருட்டி உருட்டி உள்ளங்கையில் வைப்பாள். அவளிடம் வாங்கித் தின்றால் வயிறு நிறைவதே தெரியாது. அவசரத்தில் யாராவது இடது கையை நீட்டிவிட்டால் புறங்கையால் பட்டென்று ஒன்று விழும். "சோத்துக்கு எந்தக் கைலே?" அப்பாவும் இப்படித்தான் அவளிடம் அடி வாங்கித் தின்று வளர்ந்தார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சுண்டக்கறி ஆசை வந்து, பிசைந்து தரச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து கையை ஏந்தினேன். அப்பா பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். எனக்குப் போட்டுவிட்டு அவருக்கு ஊட்டுவதாக ஏற்பாடு. புளியும் பூண்டுமாக வாசனை வந்ததும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. அவரும் கையை நீட்டினார். நீண்டது இடது கை. அதுதானே நீளும்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே புறங்கையைத் திருப்பிப் பட்டென்று வைத்தாள். "சோத்துக்கு எந்தக் கைலே?"

சொன்னபிறகுதான் யாரை அடித்தோம், என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் உருண்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சட்டிக்குள் பார்த்தேன்.

அப்பா இடது கையை இழுத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. ஆறு வயதில் அடிபட்டபோது எப்படி இழுத்திருப்பாரோ அப்படி. பிறகு மடியில் கிடந்த வலது கையை, இடது கையால் அடியில் தாங்கித் தூக்கி, அக்காவின் முன்னால் நீட்டினார்.

கை மூடியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. சுண்டுவிரல் முதலில் அசைந்தது. அதற்குப் பின்னால் மற்ற விரல்கள் மனமில்லாமல் வந்தன. கட்டைவிரல் கடைசியாக விலகியது. முழுக்கத் திறக்கவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் வைக்கிற அளவுக்கு இடம் வந்தது.

அத்தை உருண்டையைப் பாதியாகப் பிய்த்து அந்த இடத்தில் பைய வைத்தாள். அப்பா வாய்க்குக் கொண்டுபோனார். பாதி வழியில் விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. இடுக்கெல்லாம் சோறு பிதுங்கி வேட்டியில் விழுந்தது. மிச்சம் வாய்க்குப் போயிற்று. மீசையிலும் கன்னத்திலும் சுண்டக்கறி. துடைத்துவிட அத்தையின் கை எழுந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுட்டி, தெரியும்" என்று கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றார் அப்பா. "இன்னொண்ணு வை."

மறுநாள் அத்தை தெரபி டீச்சரிடம் போய், தம்பியை அடித்துவிட்டதாகக் குற்றத்தை ஒத்துக்கொள்ளும் குரலில் முழுக் கதையையும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பு வராந்தா வரைக்கும் கேட்டது. "நாளைக்குச் சட்டியோட வாங்க" என்றாள். "ஊட்டக்கூடாது, துடைக்கக்கூடாது, விரலைப் பிரிச்சு விடக்கூடாது. திறந்த கையில வைக்கலாம். திறக்கிற வரைக்கும் சும்மா இருக்கணும். முடியுமா?"

"சும்மாவா?" என்று கேட்டாள் அத்தை. அந்த வேலையை அவள் அதுவரை செய்து பார்த்ததில்லை.

அதன்பிறகு மதியச் சாப்பாட்டு வேளையில் அந்தப் பங்களாவில் அத்தை நாற்காலி போட்டு நடுவில் உட்காருவாள். மடியில் சட்டி. சுற்றிலும் பெரிய பெரிய மனிதர்கள், விழுந்துபோன கையை மற்றக் கையால் தாங்கி ஏந்திக்கொண்டிருப்பார்கள். போட்டுக்காரருக்கு மட்டும் விழுந்தது இடது கை. அவருக்கு என்ன செய்வது என்று அத்தை ரொம்ப யோசித்தாள். கடைசியில் அவருடைய இடது கையில் தட்டைக் கொடுத்து, உருண்டையை அந்தத் தட்டில் வைப்பது என்று முடிவாயிற்று. "எல்லாஞ் சரி அக்கா, இதுல ஒரு துண்டு மீன் கிடந்தா எங்கை இன்னும் வெரசலாத் தேறும்" என்று அவர் தினமும் சொல்வார். "உம்ம கை தேறவே வேண்டாம், எஞ்சட்டியில மீன் ஏறாது" என்று அவளும் தினமும் சொல்வாள்.

சட்டியில் சோறு பிசைவது அவளுக்கு ஒரு வேலையா? காத்திருந்ததுதான் அவள் பட்ட பாடு. ஒரு விரல் திறப்பதற்குள் அவளுக்கு மேல்மூச்சு வாங்கும். உதட்டைக் கடிப்பாள், கால் பெருவிரலால் தரையைக் கீறுவாள். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளங்கை திறந்ததும் யாராவது "அக்கா" என்று கூப்பிட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அவள் கை ஒருமுறைகூட நீளவில்லை.

மூன்று மாதம் முடியும்போது அப்பா தட்டிலிருந்து தானாகவே பிசைந்து சாப்பிட்டார். தட்டைச் சுற்றித் தட்டிலிருந்த அளவு சோறு கிடக்கும். சட்டைப் பித்தான் போட அரைமணி நேரம் ஆகும். போட்டார். கண்ணாடி வேண்டுமென்றால் கண்ணாடி என்று சொல்லவும் வந்தது.

அந்த வாரமே அத்தை கூடையை எடுத்து வைத்தாள்.

"இருந்துட்டுப் போயேன்க்கா. யாரு உன்னைப் போவச் சொன்னா?" என்றார் அப்பா.

"இருந்தேன்னா பழையபடி கொண்டாம்பேன்" என்றாள். "ஒரு நாளைக்கு இல்லாட்டா ஒரு நாளைக்குச் சொல்லிருவேன் லே. எனக்கு என்னயத் தெரியும். அப்புறம் உங்கை கெட்டுப்போவும்."

அவளுக்கு வள்ளியூரில் என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் வாயாலேயே கேட்டவள் நான். இரு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபிறகு சொல்லவில்லை.

ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவும் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஒயர் கூடையை அத்தை எடுக்குமுன் அவர் எடுத்துக்கொண்டார். இடது கையில் கைத்தடி, வலது கையில் கூடை. "கொ..." என்று தொடங்கியவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். எங்களுக்கு முன்னால் அப்பா காலை இழுத்து இழுத்து நடந்துபோனார். அக்காவின் கூடையை அவர் சுமந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வள்ளியூர் வழியாகப் போகும் நாகர்கோவில் பஸ் கிளம்புகிற நேரம். அத்தை படியில் ஏறித் திரும்பி நின்றாள். அப்பா கூடையை நீட்டினார். நீட்டிய கை விடவில்லை. இவ்வளவு தூரம் இறுக்கிப் பிடித்து வந்ததில் விரல்கள் கூடையின் காதைக் கவ்விக்கொண்டு திறக்க மறுத்தன. அப்பாவின் முகம் சிவந்தது. பின்னால் ஏற வந்தவர்கள் நின்றார்கள். யாரோ, "பெரியவரே, வெரசலாக் குடும்" என்றார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

அத்தையின் இரண்டு கைகளும் புறப்பட்டதை நான் பார்த்தேன். அந்த விரல்களைப் பிரிப்பது அவளுக்கு ஒரு நொடி வேலை. அவற்றை இந்த உலகத்தில் முதல்முதலாகப் பிரித்துப் பார்த்தவளே அவள்தான். பாதி தூரம் வந்த கைகள் நின்றன. பிறகு வலது கையை மட்டும் விரித்து, உருண்டைக்கு நாங்கள் ஏந்துவதுபோல, கூடைக்குக் கீழே ஏந்திக்கொண்டு நின்றாள்.

"கண்டக்டர் தம்பி, செத்த பொறுத்துக்கிடுங்க" என்றாள். "அவனே தருவான்."

பஸ் முழுவதும் பொறுத்திருந்தது. சுண்டுவிரல் முதலில் அசைந்தது. கட்டைவிரல் கடைசியாக விலகியது. கூடை அவள் கையில் இறங்கியது. அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அவள் வெகுகாலம் வள்ளியூரிலேயே வாழ்ந்துதான் இறந்துபோனாள். நாங்கள் அடிக்கடி போனோம், பழமெல்லாம் உரிபட்டே வந்தது. ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த பஸ் படிதான். பஸ் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் அப்பாவின் கை நீட்டியபடி, திறந்தபடியே இருந்தது. மூடுவது அவருக்கு எப்போதுமே சுலபம். அன்றைக்கு மூட மனம் வரவில்லை.